ஸ்விட்ச்சையே பிங் செய்து ஸ்விட்ச்சைக் குறை சொல்லாதீர்கள்

ஸ்விட்ச் என்பது ஆபீஸ் கணினிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டி. அதைக் குறை சொல்லி இந்த மாதத்தில் வரும் மூன்றாவது போன் இது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம், காலை ஏழரைக்கே ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி ஐயாவிடமிருந்து போன். "தம்பி, புது ஸ்விட்ச்சும் போச்சு. பிங் அடிச்சா ஒரு தடவ 2 மில்லிசெகண்டு, அடுத்தது 70, அப்புறம் 4, திடீர்னு 110. பழசும் இப்படித்தான் ஆடுச்சு." (பிங் என்றால் ஒரு சின்னத் தகவலை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது.) அந்தப் பழசு நல்ல ஸ்விட்ச். இதே காரணத்துக்காகக் கழற்றப்பட்டு அலமாரி மேல் தூசி தின்றுகொண்டிருக்கிறது.

எத்தனை தடவை சொல்வது? ஸ்விட்ச்சின் சொந்த ஐபி முகவரிக்கு (நெட்வொர்க்கில் அதன் எண்) பிங் அனுப்பினால் அதற்குப் பதில் சொல்வது ஸ்விட்ச்சுக்குள் இருக்கும் சின்ன சிபியு. உங்கள் டேட்டாவை ஒரு போர்ட்டிலிருந்து (கேபிள் சொருகும் ஓட்டை) இன்னொரு போர்ட்டுக்குத் தள்ளுவது அதுவல்ல, அதற்கென்று தனிச் சிப் இருக்கிறது. சிபியுவுக்கு வேறு வேலைகள் உண்டு, பிங்குக்குப் பதில் சொல்வது அதில் கடைசி வேலை. ஆலை வாசலில் லாரிகள் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும்போது, சம்பளக் கணக்கில் மூழ்கியிருக்கும் கிராணியைக் கூப்பிட்டுப் பாருங்கள். ஒரு தடவை உடனே "என்ன?" என்பார், ஒரு தடவை காதிலேயே விழாது. அதற்காக ரோடு ஜாம் என்று யாராவது சொல்வார்களா? ஸ்விட்ச்சைத் தாண்டி, அந்தப் பக்கம் இருக்கும் கணினியை பிங் செய்யுங்கள். அதுதான் கணக்கு. (நிர்வாக வசதியே இல்லாத மலிவு ஸ்விட்ச்சுக்கு ஐபி முகவரியே கிடையாது. அதை "பிங் செய்தேன்" என்று சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன், ரௌட்டரைத்தான் பிங் செய்திருப்பார்கள்.)

ஆனால் கிராணி ஐயா வீணாகப் புலம்பவில்லை. எடைமேடையில் சீட்டு அடிக்க நேரமாகிறது, குலை ஏற்றிய லாரிகள் வரிசையில் நிற்கின்றன. அது நிஜமான கோளாறு, பார்த்த இடம்தான் தப்பு. ஆபீசிலிருந்து ஸ்விட்ச் வழியாக சர்வருக்கு 200 பிங் அனுப்பினேன், ஒன்றுகூட 1 மில்லிசெகண்டைத் தாண்டவில்லை. எடைமேடைக் கணினிக்கு அனுப்பினேன், அதுவும் சுத்தம். விண்டோஸ் பிங் அனுப்புவது வெறும் 32 பைட், அதில் என்ன தெரியும்? ஒரு பெரிய ஃபைலை காப்பி செய்யவிட்டு, 1400 பைட்டில் மறுபடி அனுப்பினேன். நாலைந்துக்கு ஒன்று காணாமல் போனது. ஸ்விட்ச்சில் எடைமேடைக் கணினியின் போர்ட் விவரத்தைத் திறந்தால் 100 ஹாஃப் (100 மெகாபிட் வேகம், ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே அனுப்பலாம்) என்று இருக்கிறது, லேட் கொலிஷன் (தகவல்கள் தாமதமாக மோதிக்கொள்ளும் பிழை) எண்ணிக்கை கண்ணெதிரே ஏறுகிறது.

கணினியை ஃபார்மட் செய்த யாரோ ஒரு புண்ணியவான் நெட்வொர்க் கார்டைக் கையால் 100 ஃபுல் (இரு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பலாம்) என்று பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு பக்கம் பூட்டி மறுபக்கம் ஆட்டோவாக (இரு பக்கமும் தாங்களே பேசி வேகத்தை முடிவு செய்வது) இருந்தால் ஆட்டோ பக்கம் ஹாஃபுக்கு இறங்கிவிடும். எத்தனை ஸ்விட்ச் மாற்றினாலும் இதே கதைதான். கார்டை ஆட்டோவுக்கு மாற்றினேன், இரண்டு நிமிட வேலை. அடுத்த லாரிக்குச் சீட்டு உடனே வந்தது.

தயவுசெய்து, முதல் வேலையாக ஸ்விட்ச்சை அணைத்துப் போடாதீர்கள். போர்ட்டில் சேர்ந்த பிழை எண்ணிக்கையெல்லாம் அழிந்துவிடும், எனக்குக் கிடைக்கும் ஒரே தடயம் அதுதான். வைஃபையில் உட்கார்ந்துகொண்டு பிங் பார்க்காதீர்கள், லேப்டாப்பில் கேபிளைச் செருகுங்கள். இரண்டு பக்கமும் ஆட்டோவிலேயே இருக்கட்டும், செம்புக் கேபிளில் கிகாபிட்டுக்கு அது கட்டாயமே. கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது, "கொஞ்சம்தானே கூட" என்று 130 இழுத்தால் நான் வந்து வெட்டுவேன். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள் வேண்டாம். ஆபீசிலிருந்து ஆலைக்கு வெளியே இழுப்பதென்றால் ஃபைபர் போடுங்கள், நம் ஊர் மாலை இடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேசைக்குக் கீழே சும்மா தொங்கும் கேபிள் முனையைப் பார்த்ததும் காலியான ஓட்டையில் சொருகும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள் ஐயா. மறுமுனையும் அதே ஸ்விட்ச்சில் இருந்து, லூப் (தகவல் சுற்றிச் சுற்றி வருவது) தடுப்பும் இல்லையென்றால் மொத்த ஆபீசும் படுத்துவிடும்.

போன் செய்யும்போது "ஸ்லோவா இருக்கு" என்று மட்டும் சொல்லாமல் எந்தக் கணினி, எந்த போர்ட், என்ன வேலை செய்யும்போது என்று சொல்லுங்கள், பாதி வேலை அங்கேயே முடியும். கிராணி ஐயாவின் பழைய ஸ்விட்ச்சைத் துடைத்து மாட்டிவிட்டேன். புதுசைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டார், பெட்டியை எறிந்துவிட்டாராம்.