பல்பஸ் பௌ: குமிழ் அணியம்

சரக்கு இறக்கிய பெரிய கப்பலை முன்னாலிருந்து பார்த்தால், நீர்மட்டத்தை ஒட்டி உருண்டையான மூக்கு ஒன்று துருத்திக்கொண்டு நிற்பது தெரியும். சரக்கு ஏறியதும் அது நீருக்குள் மறைந்துவிடும். ஆங்கிலத்தில் அதற்குப் பல்பஸ் பௌ என்று பெயர். தமிழில் அதைக் ‘குமிழ் வில்’ என்று எழுதுவது பரவிக்கொண்டிருக்கிறது. இது தவறு. சுவை வேறுபாடு என்று விட்டுவிட முடியாத தவறு.

ஆங்கிலத்தில் bow என்ற ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. அம்பு எய்யும் வில் ‘போ’ என்று ஒலிக்கும்; அதன் வேர் வளைதல். கப்பலின் முன்பக்கம் ‘பௌ’ என்று ஒலிக்கும். வடகடல் மாலுமிகளின் மொழிகள் வழியே வந்த அந்தச் சொல்லுக்கு மூலப்பொருள் தோள். எழுத்தை மட்டும் பார்த்து, ஒலியையும் பொருளையும் பாராமல் மொழிபெயர்த்ததால் கப்பலுக்கு வில் முளைத்தது.

‘முன்பக்கம் வளைந்துதானே இருக்கிறது, வில் என்றால் என்ன குறை?’ என்று கேட்பவர்கள் உண்டு. வளைந்தது எல்லாம் வில் என்றால் கப்பலின் பின்பக்கமும் வில்தான், அடிவயிறும் வில்தான். அதோடு, ஒரு சொல்லை ஏற்றால் அதன் கிளைகளையும் ஏற்றாக வேண்டும். முன்பக்கத்தில் எழும் அலை ‘வில் அலை’ ஆகும். துறைமுகத்தில் கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்த முன்பக்கம் பொருத்தும் விசிறி ‘வில் உந்தி’ ஆகும். ‘நங்கூரம் வில்லில் தொங்குகிறது’ என்று எழுத நேரும். இதைப் படிக்கும் மாணவர் கப்பலில் எங்கே வில் என்று தேடுவார்.

இத்தனைக்கும் சொல் நம்மிடம் இல்லாமலும் இல்லை. படகின், கப்பலின் முன்பக்கத்துக்கு அணியம் என்று பெயர். அகராதியில் இருக்கிறது, கடலோர மீனவர் வாயிலும் இருக்கிறது. ‘முகப்பு’ என்பாரும் உண்டு. தவறில்லை, ஆனால் தெளிவில்லை. கப்பலின் முகப்பு என்றால் மேலே தெரியும் கட்டட முகத்தை நினைப்பார்கள்; நாம் பேசுவதோ நீருக்கு அடியில் இருப்பதை.

குமிழ் என்ற பாதி சரியானது. கதவுக் குமிழ், மிதியடிக் குமிழ் என்று திரண்டு நிற்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். மூக்குக்குக் குமிழம்பூவை உவமை சொன்ன மொழி இது. கப்பலின் மூக்குக்கும் அச்சொல் பொருந்துகிறது. ஆனால் ‘குமிழி அணியம்’ என்று எழுதக் கூடாது. குமிழி என்றால் காற்றுக் குமிழி. கப்பலின் அடியில் காற்றுக் குமிழிகளைப் பரப்பி உராய்வைக் குறைக்கும் வேறொரு நுட்பம் இப்போது புழக்கத்தில் இருக்கிறது. ஓர் இகரம் கூடினால் ஒன்று மற்றொன்றாகிவிடும்.

இந்தக் குமிழ் செய்யும் வேலை என்ன? கப்பல் நீரைப் பிளக்கும்போது அணியத்தில் அழுத்தம் கூடி அலைமுகடு எழும்புகிறது. அந்த அலையை எழுப்பச் செலவாவது இயந்திரத்தின் ஆற்றல். நீருக்கடியில் சற்று முன்னே நீண்டிருக்கும் குமிழ் தானும் ஓர் அலையை எழுப்பும். அதன் பள்ளம் அணியத்தின் முகட்டின்மேல் விழுந்தால் இரண்டும் ஒன்றையொன்று தணிக்கும். பள்ளம் எங்கே விழும் என்பதைக் குமிழின் நீளமும், எவ்வளவு ஆழம் என்பதை அதன் பருமனும் தீர்மானிக்கின்றன. பொருந்தி அமைந்தால் எரிபொருளில் 12 முதல் 15 விழுக்காடு வரை மிச்சம் என்று சொல்வது வழக்கம்.

பொருந்தாவிட்டால் அதே குமிழ் சுமை. அலைநீளம் வேகத்தின் இருமடிப்படி, அதாவது வர்க்கத்தின்படி, மாறும்: 24 நாட் (மணிக்கு ஒரு கடல்மைல் என்பது ஒரு நாட்) வேகத்தில் ஏறத்தாழ 98 மீட்டர், 16 நாட்டில் 43 மீட்டர்தான். ஒரு வேகத்துக்கு வடித்த குமிழ் இன்னொரு வேகத்தில் அலையைத் தணிக்காது. நீர் உரசும் பரப்பு கூடியது மட்டுமே மிஞ்சும். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு சரக்குப்பெட்டிக் கப்பல்கள் வேகத்தைக் குறைத்து ஓடத் தொடங்கியபோது, பழைய குமிழை வெட்டியெடுத்துப் புதிது பொருத்தியது இதனால்தான். கப்பல் வெறுமையாகப் போகும்போது குமிழ் பாதி வெளியே வந்து அலையில் அறைபடும். நங்கூரத்தை இறக்கும்போது அது குமிழில் மோதாதபடி அணியத்தின் மேற்பகுதியை வெளிப்புறம் விரித்துக் கட்ட வேண்டும். நீருக்குள் மறைந்த குமிழில் இழுவைப் படகு மோதிவிடாமல் இருக்க, அணியத்தின் இருபுறமும் எச்சரிக்கைக் குறி தீட்டியிருப்பார்கள்.

வரலாறு சுருக்கமானது. அமெரிக்கக் கடற்படையின் டேவிட் டெய்லர் வடித்த குமிழுடன் டெலவேர் போர்க்கப்பல் 1910இல் பணிக்கு வந்தது. ஜெர்மனியின் பிரெமன் 1929இலும், பிரான்சின் நார்மண்டி 1935இலும் அட்லாண்டிக்கைக் குமிழோடு கடந்தன. அலையை அலையால் தணிக்கும் கணக்கை ஜப்பானின் தக்காவோ இனுய் 1960களின் தொடக்கத்தில் கப்பலிலேயே மெய்ப்பித்த பிறகு, சரக்குக் கப்பல்களுக்கும் அது பரவியது.

வில் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கப்பல் எவ்வளவு ஆழம் நீரில் அமிழ்ந்திருக்கிறது என்பதை, ஆங்கில டிராஃப்ட்டைப் பார்த்து, ‘வரைவு’ என்கிறார்கள்; ஆவணத்துக்குத்தான் வரைவு, கப்பலுக்கு மிதப்பாழம். பீம் என்பதற்கு அகலம் என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஒளிக்கற்றை’ வருகிறது. ஹல் எனப்படும் கப்பலின் உடல் ‘உமி’ ஆகிறது. ‘20 முடிச்சு வேகம்’ என்று எழுதுவதைவிட நாட் என்றே எழுதலாம், அல்லது மணிக்கு 37 கிலோமீட்டர் என்று எழுதலாம். அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்துப் போடுகிறவர், அந்த வரியைத் தமிழாக ஒருமுறை படித்துப் பார்த்திருந்தாலே உமியும் ஒளிக்கற்றையும் கப்பலில் ஏறியிருக்காது. கலைச்சொல் பட்டியல் தொகுப்பவர்கள் பல்பஸ் பௌவுக்கு நேரே குமிழ் அணியம் என்று எழுதிக்கொள்ளட்டும். அதனடியில் அணிய அலை, அணிய உந்தி என்ற இரண்டையும் சேர்த்துக்கொள்ளட்டும்.