மே மாதத்தில் காலியாகும் சங்கம்

அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கூடவே, அங்குள்ள இறுதியாண்டு ஹானர் சொசைட்டி (சிறந்த மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் சங்கம்) ஒன்றுக்குப் பல வருடங்களாக ஆலோசகராகவும் இருக்கிறேன். இங்கே குடியேறிய நம் குடும்பங்களில் பிள்ளைகள் இப்போது கல்லூரி வயதுக்கு வந்துவிட்டார்கள். "பொண்ணுக்கு ஏதோ சொசைட்டியில இடம் கிடைச்சிருக்காம், பணம் கட்டணுமாம், சேரலாமா?" என்று நண்பர்கள் போனில் கேட்பார்கள். நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன்: பத்து வருடத்துக்கு முன் அதில் இருந்தவர்களில் யாராவது ஒருவர் இன்றைக்கும் அந்தப் பக்கம் வந்து போகிறாரா?

பல்கலைக்கழகத்துக்குள் உண்மையாகவே ஒரு கிளை இருக்கிறதா, பொறுப்பான பேராசிரியர் யார் என்பதை மாணவர் நலத் துறைத் தலைவரின் அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அதையும் கேளுங்கள். ஆனால் ஒரு சங்கம் உயிரோடு இருக்கிறதா, சான்றிதழும் சட்டையில் குத்தும் பேட்ஜும் விற்கும் கடையாகிவிட்டதா என்பதைக் காட்டிக்கொடுப்பது அதன் முன்னாள் உறுப்பினர்கள்தான்.

இந்தச் சங்கங்களைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சில வரிகள். இங்கே இளநிலைப் படிப்பு நான்கு வருடம். மூன்றாம் வருட முடிவில், நல்ல மதிப்பெண்ணும் தலைமைப் பண்பும் சேவையும் உள்ள சிலரைத் தேர்ந்தெடுத்து, நான்காம் வருடம் முழுக்க அவர்களை ஒரு குழுவாக இயங்க வைப்பது இறுதியாண்டுச் சங்கம். தலைமைப் பண்புக்கான ஹானர் சொசைட்டியான ஒமிக்ரான் டெல்டா கப்பா 1914இல் வர்ஜீனியாவின் வாஷிங்டன் அண்ட் லீ பல்கலைக்கழகத்தில் ஆண்களுக்காகத் தொடங்கியது. பெண்களுக்காகத் தனித்தனியே இயங்கிவந்த உள்ளூர்ச் சங்கங்களின் பிரதிநிதிகள் 1918 பிப்ரவரியில் சிரக்யூஸில் கூடினார்கள். கார்னெல், மிச்சிகன், ஒஹையோ ஸ்டேட், ஸ்வார்த்மோர் ஆகிய கல்வி நிறுவனங்களின் சங்கங்கள் இணைந்து தேசிய அளவில் மார்ட்டர் போர்டு என்ற சங்கம் உருவானது. பட்டமளிப்பு விழாவில் போடும் சதுரத் தொப்பியின் பெயர்தான் அது. கல்வியில் ஆண், பெண் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டம் 1972இல் வந்த பிறகு, 1975இல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் சங்கமும் ஒரு காலத்தில் பெண்களுக்கு மட்டுமாக இருந்து, பிறகு எல்லோருக்கும் திறந்ததுதான்.

தேர்வானவர்களுக்குச் சொல்லும் முறையை இங்கே 'டேப்பிங்' என்கிறார்கள். வசந்த காலத்தில் ஒரு நாள், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கறுப்பு அங்கி போட்ட நாலைந்து பேர் உள்ளே வருவார்கள். பேராசிரியருக்கு முன்பே தெரியும், தெரியாத மாதிரி நிற்பார். ஒருவர் பெயரைச் சொல்லி எழுப்பி, எல்லோர் முன்னிலையிலும் வாழ்த்துவார்கள். வீட்டில் முதல்முறையாகக் கல்லூரிக்கு வந்த ஒரு பையன் அந்த நிமிடம் பேச முடியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். சிலர் வகுப்பிலிருந்தே அம்மாவுக்குப் போன் போடுவார்கள்.

மற்ற மாணவர் அமைப்புகளுக்கு இல்லாத ஒரு சிக்கல் இதற்கு உண்டு. நம் ஊர் என்.எஸ்.எஸ். முகாமை நினைத்துப் பாருங்கள். போன வருடம் போனவர்கள் இந்த வருடம் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். பாத்திரம் எங்கே வாடகைக்குக் கிடைக்கும், ஊர்த் தலைவரிடம் எப்படிப் பேசுவது, எல்லாம் ஆள்வழி இறங்கிவிடும். இறுதியாண்டுச் சங்கத்தில் அந்த வழியே கிடையாது. மே மாதம் பட்டம் வாங்கியதும் மொத்தச் சங்கமும் ஒரே நாளில் வெளியேறிவிடும். ஆகஸ்டில் வரும் புதியவர்களில் ஒருவர்கூட அதற்கு முந்தைய வருடம் அதில் இருந்ததில்லை. ஆண்டுக்கு ஒருமுறை நினைவு முழுக்கத் துடைக்கப்படும் அமைப்பு இது. மிஞ்சுவது ஆலோசகர் ஒருவரும் வெளியே போனவர்களும்தான். அதனால் மற்ற சங்கங்களுக்கு முன்னாள் மாணவர்கள் இருந்தால் நல்லது. இதற்கோ அவர்கள் இல்லாமல் முடியாது.

நான் பொறுப்பேற்ற வருடம் அலமாரியில் ஒரு மரப்பெட்டி இருந்தது. உள்ளே மூன்று பித்தளை மெழுகுவத்தித் தண்டுகள், ஒரு மினிட்ஸ் புத்தகம். தண்டுகள் எதற்கு என்று மாணவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சேர்ப்பு விழாவை ஒரு சாப்பாட்டுக் கூட்டமாக முடித்துவிட்டோம். அப்புறம் பழைய பட்டியலிலிருந்து ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். 1960களின் தொடக்கத்தில் படித்தவர். கல்வி, தலைமை, சேவை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு, யார் ஏற்றுவது, எந்த வரிசையில் ஏற்றுவது என்று இருபது நிமிடம் சொன்னார். பிறகு தானாகவே வேறு பேச்சுக்குப் போனார். அவர் காலத்தில் பெண்கள் விடுதிக்கு இரவில் அடைப்பு நேரம் இருந்தது, ஆண்கள் விடுதிக்குக் கிடையாது. அந்த விதியை மாற்றச் சொல்லி நிர்வாகத்துக்கு முதல் மனுவை எழுதியது இந்தச் சங்கத்துப் பெண்கள்தானாம். மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டினேன். "விடுதி நேரம் பற்றி விவாதம்" என்று ஒரே ஒரு வரி இருந்தது. அதன் பின்னால் இருந்த கதை அந்த அம்மாவிடம் மட்டுமே இருந்தது. போனை வைக்கும் முன் அவர் சொன்னார்: "இத்தனை வருடத்தில் பணம் கேட்டு எத்தனையோ கடிதம் வந்திருக்கிறது. என்ன நடந்தது என்று யாரும் கேட்டதில்லை."

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் என் வேலை முறையை மாற்றினேன்.

முதலில் ஆட்களைக் கண்டுபிடிக்க வேண்டும். பழைய உறுப்பினர்கள் எல்லோரும் பெண்கள். திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயர் மாறியிருக்கும். சில ஏடுகளில் அவர்களுடைய பெயரே இருக்காது, 'மிசஸ்' போட்டுக் கணவர் பெயர் முழுசாக எழுதியிருப்பார்கள். கணவர் இறந்து மறுமணமும் ஆகியிருந்தால் சுவடே இல்லை. ஆண்டு மலர்கள், உள்ளூர்ப் பத்திரிகைகளில் வந்த நிச்சயதார்த்த அறிவிப்புகள் என்று தேடினோம். கடைசியில் அதிகம் கைகொடுத்தவை அவர்களுடைய பெற்றோரின் மரண அறிவிப்புகள். இன்னார் மகள், இப்போது இன்ன ஊரில் இன்ன பெயரில் இருக்கிறார் என்று அதில் இருக்கும். சோகமான வழிதான். ஆனால் அப்படித் தேடிப் போய்ப் பேசியவர்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

பெயர் என்றதும் நம்மவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ் மாணவர் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் கடைசிப் பெயராகப் பதிவாகிறது. ஆகவே பல்கலைக்கழகத்திலிருந்து வரும் கடிதம் "அன்புள்ள திரு. சுப்பிரமணியம்" என்று அப்பாவை அழைக்கும், பட்டம் வாங்கியதோ மகள். நம் பெண் ஒருத்தி இதைச் சொல்லி வருத்தப்பட்டாள்: "நாலு வருஷம் இருந்தேன், என் பெயரே அவங்களுக்குத் தெரியலை." அன்றிலிருந்து 'உங்களை எப்படி அழைக்க வேண்டும்?' என்பது எங்கள் படிவத்தில் முதல் கேள்வி.

அந்தப் படிவம் ஒரு சின்ன அட்டைதான். பட்டமளிப்பு விழாவில் கழுத்தில் போடும் ஹானர் கயிற்றை வாங்க எல்லோரும் நேரில் வருவார்கள். அந்த மேசையிலேயே அட்டையையும் பேனாவையும் வைத்துவிடுகிறேன். பல்கலைக்கழக மின்னஞ்சல் பல இடங்களில் பட்டத்துக்குப் பின் செயலிழந்துவிடும், ஆகவே சொந்த மின்னஞ்சல் வேண்டும். கைபேசி எண் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், அம்மாவோ அப்பாவோ இருக்கும் வீட்டு முகவரி வேண்டும். இருபத்திரண்டு வயதுக்காரர் அடுத்த ஐந்து வருடத்தில் நாலு ஊர் மாறுவார், அம்மா மாற மாட்டார். பட்டமளிப்பு முடிந்து ஆறு மாதம் கழித்து இதே விவரத்தைக் கேட்டு அனுப்பினால் பாதிப் பேர்கூடப் பதில் போட மாட்டார்கள். அன்றைக்குக் கையில் பேனாவோடு நிற்கும்போது எல்லோரும் எழுதித் தருகிறார்கள்.

அடுத்தது பணம். இங்கே இதைச் சொன்னால் என் துறைக்காரர்கள் சிலருக்குப் பிடிக்காது. மாணவர் கடன் வாங்கிப் படித்தவர்களுக்கு மத்திய அரசு ஆறு மாதம் அவகாசம் தருகிறது. மே மாதம் பட்டம் வாங்கியவருக்கு முதல் தவணை நவம்பர் வாக்கில் வரும். வருடக் கடைசி நன்கொடைக் கடிதங்களைப் பல்கலைக்கழகங்கள் அனுப்புவதும் சரியாக அந்த நேரத்தில்தான். முதல் வேலை, முதல் வாடகை, முதல் கடன் தவணை, அதே வாரத்தில் "தாய்க் கல்லூரிக்கு உதவுங்கள்" என்று ஒரு கடிதம். படிக்காமலே குப்பைக்குப் போகும். அதைவிட மோசம், இனி அங்கிருந்து எது வந்தாலும் பணத்துக்காகத்தான் என்று மனதில் பதிந்துவிடும். எங்கள் சங்கத்திலிருந்து முதல் ஐந்து வருடம் யாரிடமும் ஒரு டாலர் கேட்பதில்லை. பல்கலைக்கழகத்தின் பொது நன்கொடைப் பட்டியலை என்னால் தடுக்க முடியாது, எங்கள் பெயரில் போவதையாவது தடுக்கிறேன்.

பணத்துக்குப் பதில் வேலை கேட்கிறோம். ஆனால் "எங்களோடு தொடர்பில் இருங்கள்", "ஏதாவது உதவ முடியுமா" என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றும் நடக்காது. எத்தனை நேரம், யாருக்கு, எந்தத் தேதி என்று முடிவு தெரிகிற மாதிரி கேட்க வேண்டும். "மருத்துவக் கல்லூரி நேர்காணலுக்குப் போகிற ஒரு மாணவி இருக்கிறாள். 14ஆம் தேதி மாலை அரை மணி நேரம் பயிற்சி கொடுக்க முடியுமா?" இப்படிக் கேட்டால் பெரும்பாலும் சரி என்கிறார்கள். இரவு ஷிப்ட் முடித்த ஒரு நர்ஸ், காரிலேயே உட்கார்ந்துகொண்டு வீடியோவில் பேசியிருக்கிறார். ஹூஸ்டனுக்கு வேலைக்குப் போன ஒரு பையனுக்கு அங்கே யாரையும் தெரியாது. 1980களில் எங்கள் சங்கத்தில் இருந்த ஒரு தம்பதி அவனை முதல் ஞாயிற்றுக்கிழமையே சாப்பிடக் கூப்பிட்டார்கள். இப்போது அந்த ஊருக்கு யார் போனாலும் அவனே கூப்பிடுகிறான். இது நான் திட்டம் போட்டு நடந்ததல்ல. நான் செய்ததெல்லாம் ஊர்வாரியாக ஒரு பட்டியல் வைத்திருந்தது மட்டும்.

செய்த பிறகு என்ன ஆனது என்று திரும்பச் சொல்வதும் முக்கியம். அந்த மாணவிக்கு இடம் கிடைத்ததா இல்லையா என்பதைப் பயிற்சி கொடுத்தவருக்கு அந்த மாணவியே இரண்டு வரி எழுத வேண்டும். இதில் மட்டும் நான் கண்டிப்பு. எழுதாதவர்களைத் துரத்தித் துரத்தி எழுத வைத்திருக்கிறேன்.

முன்னாள் மாணவர்களை இழுத்துப் பிடிக்கும்போது கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. அன்பு அதிகமாகி உரிமை கொண்டாடத் தொடங்கிவிடுவார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் 1832இல் தொடங்கிய ஸ்கல் அண்ட் போன்ஸ் இறுதியாண்டுச் சங்கத்தில் 1991இல் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த வருட மாணவர்கள் பெண்களைச் சேர்க்க முடிவெடுத்தார்கள். முன்னாள் உறுப்பினர்களின் நிர்வாகம் சங்கக் கட்டடத்தின் பூட்டையே மாற்றிவிட்டது. பிறகு உறுப்பினர்களிடையே தபால் வாக்கெடுப்பு நடந்தது, 368க்கு 320 என்று பெண்கள் பக்கம் முடிந்தது. அதற்கும் எழுத்தாளர் வில்லியம் எஃப். பக்லி தலைமையில் ஒரு குழு நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கியது. மறுபடி வாக்கெடுப்பு நடந்த பிறகே பெண்கள் உள்ளே வந்தார்கள். ஈடுபாடு குறைந்ததால் வந்த பிரச்சினை இல்லை இது. கட்டடமும் பணமும் முன்னாள் உறுப்பினர்கள் கையில் இருந்தன, மாணவர்களிடம் இல்லை.

அதனால் எங்கள் விதிமுறையில் ஒரு கோடு போட்டோம். நினைவையும் நேரத்தையும் அனுபவத்தையும் முன்னாள் உறுப்பினர்கள் தரலாம். யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் அவர்களுக்கு வாக்கு கிடையாது. இதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. மாணவர்களின் கல்விப் பதிவுகளைக் காக்க 1974இல் வந்த ஃபெர்பா சட்டப்படி, மாணவர்களின் மதிப்பெண்ணை அவர்கள் சம்மதம் இல்லாமல் இப்படி வெளியாருக்குக் காட்டக் கூடாது, முன்னாள் மாணவர் என்றாலும் வெளியார்தான். இந்தக் கோட்டைப் பற்றிச் சொன்னபோது மூத்தவர் ஒருவர் கோபித்துக்கொண்டு இரண்டு வருடம் பேசவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களைப் பற்றி எங்கள் துறையில் போதுமான அளவு பேசுவதில்லை. எத்தனை அழைப்பு அனுப்பினாலும் வராதவர்கள். "ஆர்வமில்லாதவர்" என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். எங்கள் பட்டியலில் அப்படிக் குறித்திருந்தவர்களை ஒரு கோடையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். அந்த வருடச் சங்கத்தில் ஒரே ஒரு கறுப்பின மாணவியாக இருந்த ஒருவர், குழுப் படத்துக்குத் தவிர வேறு எதற்கும் தன்னைக் கூப்பிட்டதில்லை என்றார். வெளிநாட்டு மாணவராக இருந்த ஒருவர், நவம்பரில் வரும் தாங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போனபோது மூடிய விடுதியில் எங்கே தங்குவது என்று தெரியாமல் இருந்ததைச் சொன்னார், சங்கத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அவர்களிடம் எந்த உதவியும் கேட்கவில்லை, அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டேன். அடுத்த ஆகஸ்டில் புதிய மாணவர்களிடம், பெயர் சொல்லாமல், அதைப் படித்துக் காட்டினேன். அந்த வருடம் நவம்பரில் எங்கள் மாணவர்கள் பதினோரு வெளிநாட்டு மாணவர்களைத் தங்கள் வீடுகளுக்கு அழைத்துப் போனார்கள். அந்தச் செய்தியை, விடுதி மூடியதைப் பற்றிச் சொன்னவருக்கு எழுதினேன். அவர் இப்போது வருடா வருடம் சேர்ப்பு விழாவுக்கு வருகிறார்.

பிள்ளைகள் இப்படி ஒரு சங்கத்தில் சேர்ந்தால் பெற்றோர் செய்யக்கூடிய சின்ன உதவி ஒன்று உண்டு. உங்கள் முகவரிக்கு அவர்கள் பெயரில் சங்கத்திலிருந்து வரும் கடிதத்தைத் தூக்கிப் போடாமல் படம் எடுத்து அனுப்புங்கள். பணம் கேட்டால் விட்டுவிடுங்கள். யாருக்காவது அரை மணி நேரம் பேசக் கேட்டிருந்தால், பேசச் சொல்லுங்கள்.

இந்த வருடம் முப்பது பேர். இருபத்தேழு அட்டை வந்துவிட்டது. மீதி மூன்று பேர் கயிற்றை நண்பர்களிடம் சொல்லி வாங்கிப் போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை பட்டமளிப்பு ஒத்திகை, மைதானத்துக்குள் போக ஒரே வாசல்தான். மூன்று அட்டையையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அங்கே நிற்கப் போகிறேன்.