சுவர் ஹீட்டர் அடிக்கடி நின்றுபோகிறதா? கட்-அவுட்டில் கை வைக்காதீர்கள்

இந்தக் குளிர்காலத்திலும் அதே கதைதான். குன்னூர் பக்கத்தில் ஒரு ஹோம்ஸ்டே. அறையில் பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். ஸ்பிளிட் ஏசி போலச் சுவரில் மாட்டும் ஃபேன் ஹீட்டர், 2000 வாட். காற்று வெளியேறும் வாயில் இருந்த தகடுகள் பழுப்பேறி, நடுவில் இரண்டு தகடுகள் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மூடியைக் கழற்றினேன். தெர்மல் கட்-அவுட் என்பது உள்ளே சூடு எல்லை மீறினால் தானாகக் கரண்டை நிறுத்தும் சின்ன சுவிட்ச். அதற்குப் போக வேண்டிய இரண்டு ஒயரையும் பிடுங்கி, ஒன்றாக முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருக்கிறார்கள். டேப் இளகி வழிந்து பக்கத்து ஒயரையும் பிடித்துக்கொண்டிருந்தது.

"அடிக்கடி நின்னு நின்னு போச்சுங்க. போன சீசன்ல ஒருத்தர் டைரக்ட் பண்ணிக் கொடுத்தார், அப்புறம் பிரச்சினையே இல்ல" என்றார் உரிமையாளர். முந்தைய இரவு அந்த அறையில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் தூங்கியிருக்கிறது.

நீலகிரியில் வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் எலெக்ட்ரிகல் வேலை செய்கிறவன் நான். இப்படிக் கட்-அவுட்டை விட்டுவிட்டு ஒயரை நேராக இணைத்து 'டைரக்ட்' பண்ணிய ஹீட்டர்களை ஒவ்வொரு மார்கழியிலும் தையிலும் பார்க்கிறேன். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியாவது வைக்கிறேன்.

முதலில் ஒரு தவறான நினைப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாத் தவறும் அதிலிருந்துதான் வருகிறது. ஃபேன் இருப்பது சூட்டை அறைக்குள் பரப்பத்தான், அது ஓடாவிட்டால் அறை சூடாகக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதானே என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. இந்த வகை ஹீட்டரில் ஃபேனின் முதல் வேலை எலிமெண்டை, அதாவது கரண்டில் சூடாகும் பாகத்தை, காப்பாற்றுவது. அறைக்குச் சூடு கிடைப்பது அதனால் வரும் பயன்.

2000 வாட் எலிமெண்ட் ஒவ்வொரு நொடியும் 2000 ஜூல் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. அந்த வெப்பம் எங்கேயாவது போயாக வேண்டும். எண்ணெய் ரேடியேட்டர் ஹீட்டரில் அகலமான இரும்புப் பரப்பு இருக்கிறது, அது தானாகவே சூட்டை அறைக்கு விட்டுவிடும். சுவர் ஹீட்டரில் எலிமெண்ட் ஒரு கைக்குள் அடங்கிவிடும், அதைச் சுற்றி பிளாஸ்டிக் கூடு. அவ்வளவு சின்ன இடத்தில் பிறக்கும் சூட்டை எடுத்துப் போக ஓடும் காற்றை விட்டால் வேறு நாதி இல்லை. காற்று நின்றுவிட்டால், தண்ணீர் வற்றிய பாத்திரத்தை அடுப்பிலேயே விட்ட கதைதான். எலிமெண்ட் நிக்ரோம் காயில் (சுருள் கம்பி) என்றால் சில நொடிகளில் சிவந்துவிடும். செராமிக் எலிமெண்ட் பரவாயில்லை. சூடு ஏற ஏற அதன் மின்தடை கூடி, கரண்ட் இழுப்பது தானே குறையும். ஆனாலும் அதன் பரப்பு 200 டிகிரியை ஒட்டி நிற்கும். அதன் மேல் படிந்த பஞ்சு கருக அந்தச் சூடு போதும். செராமிக் என்றால் கட்-அவுட் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இங்கேதான் அடுத்த வாதம் வரும்: "எம்சிபி இருக்கிறதே, ஏதாவது ஆனால் அது விழுந்துவிடாதா?" எம்சிபி என்பது கரண்ட் அளவு மீறினால் லைனை அணைக்கும் போர்டு சுவிட்ச். இங்கே அது விழாது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன், விழாது. 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். ஃபேன் ஓடும்போதும் 8.7 தான், ஃபேன் சிக்கி நின்று காயில் சிவந்து கூடு உருகும்போதும் ஏறக்குறைய அதேதான். 16 ஆம்பியர் எம்சிபிக்கு இரண்டும் ஒன்று. ஷார்ட் ஆனால்தான் அதற்குத் தெரியும், அதற்குள் கூடு எரிந்திருக்கும். போர்டில் இருக்கும் இன்னொரு பாதுகாப்பு சுவிட்சான ஆர்சிசிபி பார்ப்பது கரண்ட் எர்த்துக்குக் கசிகிறதா என்பதை மட்டும். கசிவு இல்லாமலே தீப்பிடித்தால் அதுவும் சும்மாதான் இருக்கும். உள்ளே சூடு எல்லை மீறிவிட்டது என்று அறிந்து கரண்டை நிறுத்தும் பொருள் பல ஹீட்டர்களில் ஒன்றே ஒன்றுதான். ரூபாய் நாணயத்தை விடச் சின்ன அந்தக் கட்-அவுட். அதைத்தான் டைரக்ட் பண்ணுகிறோம்.

கட்-அவுட் ஹீட்டரை நிறுத்துகிறது என்றால் கட்-அவுட் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அது சரியாக வேலை செய்கிறது, வேறு ஏதோ கெட்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். என் அனுபவத்தில் அந்த 'வேறு ஏதோ' பெரும்பாலும் பஞ்சு. மலையில் அறைகளில் கம்பளி, ரஜாய், ஸ்வெட்டர், தரைவிரிப்பு எல்லாம் உண்டு. அவற்றின் இழை காற்றோடு போய் ஹீட்டர் ஃபில்டரில் படியும். ஒரு சீசன் கழித்துக் கழற்றினால் சாம்பல் நிறத்தில் தடிமனான ஒரு படலத்தை நகத்தால் உரித்து எடுக்கலாம். ஃபில்டரில் பாதி அடைத்தாலே காற்று குறைந்து சூடு எகிறும். ஃபில்டரைக் கழுவிக் காயவைத்துப் போட்டால் தீர வேண்டிய பிரச்சினைக்கு, பாதுகாப்பையே பிடுங்கி எறிகிறார்கள்.

இரண்டாவது காரணம், நிறுத்தும் விதம். நல்ல ஹீட்டர்களில் ரிமோட்டில் நிறுத்தினால் எலிமெண்ட் உடனே அணைந்துவிடும், ஃபேன் மட்டும் ஓரிரு நிமிடம் ஓடி மிச்சச் சூட்டை வெளியேற்றும். சுவர் சுவிட்சில் பட்டென்று அணைத்தால் ஃபேனும் நின்றுவிடும். எலிமெண்டின் சூடு முழுவதும் உள்ளேயே தேங்கி கட்-அவுட்டைத் தட்டிவிடும். கீ-கார்டு வைத்த விடுதிகளில் இது தினமும் நடக்கும், விருந்தினர் கார்டை உருவிக்கொண்டு போய்விடுவார். கார்டு செருகும் இடத்துக்குப் பக்கத்தில் "முதலில் ரிமோட்டில் ஹீட்டரை அணைக்கவும், பிறகு கார்டை எடுக்கவும்" என்று ஒட்டி வையுங்கள். கரண்ட் போனாலும் இதே நிலைதான். மழையில் மரம் விழுந்து லைன் அறுவது நமக்கு வாடிக்கை. அப்போது கட்-அவுட் ட்ரிப் ஆனால், அதற்கு நன்றி சொல்லுங்கள்.

மூன்றாவது காரணத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. அதுதான் உயரம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர். இங்கே காற்றின் அடர்த்தி சமவெளியை விட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. ஃபேன் ஒரு சுற்றுக்குத் தள்ளும் காற்றின் கன அளவு மாறாது, ஆனால் அந்தக் காற்றின் எடை குறைந்துவிடும். சூட்டைச் சுமப்பது எடைதான். 2000 வாட்டில் காற்றின் சூடு 40 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது என்றால் சமவெளியில் மணிக்கு சுமார் 150 கன மீட்டர் காற்று போதும். ஊட்டியில் அதே வேலைக்கு 190 வேண்டும். அதே 150ஐ வைத்துக்கொண்டு மலையேறினால் சூடு 50 டிகிரிக்கு மேல் ஏறும். அதோடு ஃபில்டரிலும் பாதி அடைத்திருந்தால் 100ஐத் தாண்டிவிடும். கோயம்புத்தூரில் சொல்லிச் செய்து, அங்கேயே மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்து, "அங்கே ஒரு தடவைகூட ட்ரிப் ஆகலை" என்று இங்கே கொண்டுவந்து மாட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மலைக்கென்று வடிவமைத்தால் ஃபேனைப் பெரிதாக்குங்கள், அல்லது எலிமெண்டை 1500 வாட்டுக்கு இறக்குங்கள். வோல்டேஜையும் கணக்கில் வையுங்கள். இரவில் லோடு குறைந்து 260 வோல்ட் வந்தால், 2000 வாட் காயில் 2500 வாட்டுக்கு மேல் இழுக்கும்.

மாட்டும் இடமும் ஒரு காரணம். ஸ்பிளிட் ஏசி மாதிரியே இருக்கிறது என்பதற்காகக் கூரையை ஒட்டி மாட்டிவிடுகிறார்கள். ஏசியின் குளிர்காற்று தானே கீழே இறங்கும், சூடான காற்று மேலேயே நிற்கும். ஹீட்டர் தான் விட்ட சூட்டையே திரும்ப உறிஞ்சும். உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் அறை சூடாகிவிட்டதென்று நினைத்து நிறுத்திவிடும், கீழே கட்டிலில் படுத்திருப்பவர் நடுங்கிக்கொண்டிருப்பார். உடனே "ஹீட்டர் வேலை செய்யவில்லை" என்று டைரக்ட் பண்ணும் ஆளுக்கு போன் போகும். கம்பெனி தாளில் போட்டிருக்கும் உயரத்தையும் இடைவெளியையும் அப்படியே கடைப்பிடியுங்கள். பழைய பங்களாக்களில் மரப்பலகை பதித்த சுவர், மரக் கூரை எல்லாம் உண்டு. அங்கே இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

இப்போது தாங்களே ஹீட்டர் செய்கிறவர்களுக்கு. வீடியோ பார்த்து, பழைய மின்அடுப்பின் 2000 வாட் காயிலை எடுத்து, பின்னால் ஒரு கம்ப்யூட்டர் ஃபேனை வைத்து, பிவிசி பலகையில் பெட்டி செய்து சுவரில் மாட்டியிருந்ததைக் கோத்தகிரியில் ஒரு வீட்டில் பார்த்தேன். கெட்டிக்காரப் பையன், கல்லூரி மாணவன். கையால் நன்றாகவே செய்திருந்தான், கணக்குத்தான் போடவில்லை. 80 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன் எந்தத் தடையும் இல்லாவிட்டால் மணிக்கு 50 கன மீட்டர் காற்றைத் தள்ளும். மலைக்காற்றில் அது 2000 வாட்டைச் சுமந்தால் காற்றின் சூடே 150 டிகிரி ஏறும். பிவிசி 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். இதில் அந்த ஃபேனுக்குத் தனியாக ஒரு 12 வோல்ட் அடாப்டர் வேறு. அடாப்டர் புகைந்தால் ஃபேன் நிற்கும், காயில் பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும்.

தம்பி, செய்ய ஆசை இருந்தால் செய், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காற்று ஓடுகிறது என்று தெரிந்த பிறகுதான் காயிலுக்குக் கரண்ட் போக வேண்டும். அதற்கென்று காற்றோட்ட சுவிட்ச் இருக்கிறது, அதை வை. அதற்கு மேல், சூடு ஆறியதும் தானே பழைய நிலைக்குத் திரும்பும் கட்-அவுட் ஒன்று, அதுவும் ஒட்டிக்கொண்டால் ஒரேயடியாக அறுந்துபோகும் தெர்மல் ஃபியூஸ் ஒன்று. இரண்டையும் காயிலுக்குப் போகும் ஃபேஸ் ஒயரில் தொடராகப் போடு. கூடு தகரத்தில் இருக்கட்டும், தகரத்துக்கு எர்த் கொடு. இவ்வளவும் செய்த பிறகும் ஆள் இல்லாத அறையிலோ, எல்லோரும் தூங்கும் அறையிலோ அதை ஓட விடாதே. கடையில் வாங்குவதானால் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்கு. அறை ஹீட்டர்களுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 302-இன் பகுதி 2, பிரிவு 30.

தொழில் செய்கிற சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. தெர்மல் ஃபியூஸ் போனால் அதன் உடம்பில் அச்சடித்திருக்கும் டிகிரியையும் ஆம்பியரையும் படித்து, அதே அளவில் போடுங்கள். கையில் கிடைத்தது 30 டிகிரி கூட என்றால் போடாதீர்கள். சால்டரிங் வைத்துப் பற்றவைக்காதீர்கள், அந்தச் சூட்டிலேயே அது அறுந்துவிடும். கிரிம்ப் பண்ணுங்கள், அதாவது உலோகக் குழாயில் செருகி நசுக்கி இணையுங்கள். முன்பு இருந்த அதே இடத்தில் வையுங்கள், ஓரமாகத் தள்ளி வைத்தால் அது இருந்தும் பயனில்லை. சரிசெய்த பிறகு கடையில் பெஞ்சில் வைத்து, மூடியைப் போட்டு, டாங் டெஸ்டரை (ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கருவி) மாட்டிக்கொண்டு ஃபேன் இணைப்பை மட்டும் கழற்றி ஓட்டிப் பாருங்கள். கரண்ட் தானாக விழுகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வயரிங் பற்றிச் சுருக்கமாக. 6 ஆம்பியர் பிளக்கில் ஹீட்டர் வேண்டாம், அடாப்டர் போட்டும் வேண்டாம், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வேண்டவே வேண்டாம். போர்டிலிருந்து தனி லைன், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 16 ஆம்பியர் சாக்கெட், எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. சாக்கெட் ஹீட்டருக்கு நேர் மேலே இருக்கக்கூடாது. பிளக்கைத் தொட்டால் சுடுகிறது என்றால் உள்ளே ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. 0.2 ஓம் தடை இருந்தாலே 8.7 ஆம்பியரில் அந்த ஒரு புள்ளியில் 15 வாட் சூடு பிறக்கும். நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஹீட்டர் மேல் ஈரத்துணி காயப்போடாதீர்கள். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாக இருக்கிறது, ஆனால் மழைக்காலத்தில் குழந்தைகளின் சாக்ஸ் தொங்காத சுவர் ஹீட்டரே அபூர்வம்.

மின் ஹீட்டர் ஆக்சிஜனைக் குடித்துவிடும் என்று பயந்து கரியடுப்புக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். மின் ஹீட்டரில் எதுவும் எரிவதில்லை, அதனால் ஆக்சிஜன் குறையாது. தொண்டை வறள்வது, அதே ஈரப்பதம் உள்ள காற்று சூடாவதால். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். மூடிய அறைக்குள் கரி வைத்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பார்பிக்யூ அடுப்பை உள்ளே எடுத்துப்போய்த் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி கொடைக்கானலிலிருந்தும் வந்திருக்கிறது. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அணைந்த கரியைக்கூட அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழை விட்டதும் எல்லா ஹீட்டரையும் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். திறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், "கட்-அவுட் எங்கே, காட்டுங்கள்" என்று கேளுங்கள். முறுக்கிய ஒயரும் டேப்பும் கண்ணில் பட்டால் அந்த ஹீட்டரின் லைனை எம்சிபியிலேயே அணைத்துவிடுங்கள். புதுக் கட்-அவுட் வரும்வரை விருந்தினருக்கு இன்னொரு ரஜாயும் சுடுதண்ணீர்ப் பையும் கொடுத்து, ஹீட்டர் ரிப்பேரில் இருக்கிறது என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.