நார்கோலெப்சி: சொல்லும் அதன் குறிப்பானும்

பேசிக்கொண்டிருக்கும்போதே, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பகலில் தூக்கம் ஆளை அமுக்கிவிடும் நோய் நார்கோலெப்சி. 1880இல் இந்தப் பெயரை இட்டவர் பிரெஞ்சு மருத்துவர் ழெலினோ. அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர் ஒரு மதுப் பீப்பாய் வியாபாரி.

கிரேக்கத்தில் 'நார்கே' என்றால் மரத்துப்போதல். தொட்டால் கை மரத்துப்போகும் மின் திருக்கை மீனையும் கிரேக்கர்கள் நார்கே என்றே அழைத்தார்கள். 'லெப்சிஸ்' என்றால் பிடித்தல். எபிலெப்சியில் (வலிப்பு நோய்) வருவதும் அதேதான். நமக்கும் சளி பிடிக்கிறது, பேய் பிடிக்கிறது, பைத்தியம் பிடிக்கிறது. ஆள் விரும்பாமலே வந்து பற்றிக்கொள்வதைத் தமிழும் இப்படித்தான் சொல்கிறது.

அதனால் நார்கோலெப்சிக்குத் தமிழில் 'துயில்பிடி நோய்' என்ற பெயர் பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். 'உறக்க நோய்' என்று எழுதினால் ஆப்பிரிக்காவில் செட்சி ஈ பரப்பும் நோயோடு குழம்பிவிடும். 'மயக்கம்' சேர்ப்பதும் சரியில்லை. இந்த நோயாளிகளில் பலருக்கு வாய்விட்டுச் சிரித்தாலே முழங்கால் தளர்ந்து மடங்கும். ஆனால் நினைவு தப்பாது. சோம்பேறி, தூங்குமூஞ்சி என்று வசை கேட்டே வளர்ந்தவர்களுக்கு, இது தன்னைப் பிடித்த நோய் என்று சொல்லும் பெயராவது கிடைக்க வேண்டும்.

அப்புறம், இந்த நோயைப் பற்றிய கட்டுரைகளில் அடிக்கடி வரும் இன்னொரு சொல், ஜெனடிக் மார்க்கர். இதை 'மரபணுக் குறியீடு' என்று எழுதுவது தவறு. குறியீடு என்பது கோட். மார்க்கர் என்பது நோயோடு சேர்ந்து காணப்படும் மரபணு அடையாளம்; அது இருந்தாலே நோய் என்று ஆகாது. அதற்கு 'மரபணுக் குறிப்பான்' என்பதே சரி. ஏன் என்பதற்கு இந்த நோயே நல்ல உதாரணம். 1999இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தூக்க ஆய்வாளர் மின்யோவின் குழுவினர், டாபர்மேன் நாய்களுக்கு இது பரம்பரையாக வருவதற்குக் காரணம் ஒரே ஒரு மரபணுவின் பழுது என்று கண்டுபிடித்தார்கள். விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஒரெக்சின் என்ற மூளை வேதிப்பொருளை ஏற்றுக்கொள்ளும் ஏற்பி அந்த நாய்களில் வேலை செய்வதில்லை. அங்கே மரபணுவே காரணம், வெறும் குறிப்பான் அல்ல.

மனிதர்களிடம் கதை வேறு. ஒரெக்சினைச் சுரக்கும் செல்களே அழிந்துபோயிருப்பதை 2000இல் பார்த்தார்கள். மரபணுப் பழுது அநேகமாக யாரிடமும் இல்லை. இருப்பது நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த எச்எல்ஏ டிகியூபி1*06:02 என்ற மரபணு வடிவம். சிரித்தால் வரும் அந்தத் தசைத் தளர்ச்சியும் உள்ள நோயாளிகளில் 100க்கு 90 பேருக்கு மேல் அது இருக்கும். ஆனால் நோயே இல்லாத ஜப்பானியர்களிலும் ஏறத்தாழ 100க்கு 12 பேரிடம் உண்டு. வெள்ளை அமெரிக்கர்களில் ஏறத்தாழ 25 பேரிடம். நோய் வருவதோ சுமார் 2000 பேரில் ஒருவருக்கு. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்குப் பெரும்பாலும் வருவதில்லை. அதனால்தான் மனிதர்களிடம் இந்த மரபணு வடிவத்தைக் குறிப்பான் என்கிறோம்.

ஆகவே ரிப்போர்ட்டில் 'எச்எல்ஏ பாசிட்டிவ்' என்று பார்த்ததும் பிள்ளைக்கு நோய் உறுதி என்று பயந்துவிட வேண்டாம். நோயை உறுதிசெய்ய இரவுத் தூக்கப் பரிசோதனையும், மறுநாள் பகலில் எவ்வளவு சீக்கிரம் தூக்கம் வருகிறது என்று அளக்கும் பரிசோதனையும் வேண்டும். தேவைப்பட்டால் முதுகுத் தண்டு நீரை எடுத்து ஒரெக்சின் அளவையும் பார்ப்பார்கள்.