புண் ஆறும் வேகமும் வீட்டுப் பேச்சும்

மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில், கடற்பாசி எடுக்கும் பெண்களின் கைகால்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டுரை எழுப்பும் கேள்வி எளிதில் விளங்கும். சின்னப்பாலத்திலிருந்தும் ஏர்வாடிக் கரையிலிருந்தும் படகேறிச் சென்று, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்பை இறுகக் கட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கிறார்கள். அந்தத் துணியையும் மீறிக் கல் கிழித்துவிடுகிறது. ஒருவருக்கு அந்தக் கீறல் விரைவில் மூடிக்கொள்கிறது. அதே பாரில் அதே நாளில் கிழிபட்ட இன்னொருவருக்கு வாரங்கள் கடந்தும் ஈரம் காய்வதில்லை.

சர்க்கரை நோய், சத்துக்குறைவு, வயது, ஓயாத உப்புநீர், புண்ணுக்குள் தங்கிவிட்ட கல்துணுக்கு ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய காரணம் இன்னொன்றும் உண்டு. காயம்பட்டவரிடம் வீட்டிலுள்ளவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதே அது. இதை ஆய்வாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 42 தம்பதியரை இரண்டு முறை வரவழைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் முழுவதும் மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் தங்கவைத்தார்கள். உறிஞ்சு கருவியால் அவர்களின் முன்கையில் சிறுசிறு கொப்புளங்களை எழுப்பி, அவை ஆறும் வேகத்தை நாள்தோறும் கணக்கிட்டார்கள். முதல் முறை, கணவனும் மனைவியும் ஒருவர் சொல்வதை மற்றவர் ஆதரவாகக் கேட்கும் உரையாடல் நடந்தது. இரண்டாம் முறை, தங்களுக்குள் பிணக்கு உண்டாக்கும் ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். 2005-ல் வெளியான முடிவின்படி, பிணக்குப் பேச்சுக்குப் பிறகு புண் ஆற ஒரு நாள் கூடுதலாகப் பிடித்தது. இரு சந்திப்புகளிலும் குத்தலும் கடுகடுப்புமாகவே பேசிய தம்பதியரின் புண்கள், பகைமை குறைந்த தம்பதியரின் புண்கள் ஆறிய வேகத்தில் 60 விழுக்காட்டு வேகத்திலேயே ஆறின. கத்தியோ கிருமியோ புகாமல், வெறும் சொல் தோலின் வேலையைத் தாமதப்படுத்தியிருக்கிறது என்பதை நாம் எளிதாகக் கடந்துபோகக் கூடாது.

இது எப்படி நிகழ்கிறது? தோல் கிழிந்தவுடன் இரத்தம் உறைகிறது. உடனே அந்த இடத்துச் செல்கள் இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 போன்ற சைட்டோகைன்களை, அதாவது அழற்சியைத் தூண்டும் செய்திப் புரதங்களை, சுரந்து வெள்ளணுக்களை வரவழைக்கின்றன. அந்த வெள்ளணுக்கள் கிருமிகளையும் செத்த திசுக்களையும் அகற்றிய பிறகுதான் கொலாஜன் நார்கள் உருவாகிப் புதுத்தோல் மூடத் தொடங்குகிறது. மனம் அச்சத்திலோ அவமானத்திலோ கொதிக்கும்போது, மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்ட, அது சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பிகளைத் தூண்ட, கார்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோன் இரத்தத்தில் பெருகுகிறது. கார்டிசால் சைட்டோகைன் சுரப்பை அடக்கும் தன்மையுடையது. எனவே புண்ணில் நடக்க வேண்டிய முதற்கட்ட வேலை தளர்ந்துபோகிறது. அதே சுரப்பிகள் சுரக்கும் அட்ரீனலின் என்னும் இன்னொரு ஹார்மோன், தோலின் நுண்குழாய்களைச் சுருக்குவதால் ஆக்சிஜன் வரத்தும் குறைகிறது. மேற்சொன்ன ஆய்வில் பிணக்குக்குப் பின் கொப்புள நீரில் சைட்டோகைன்கள் குறைந்திருந்தன. ஆனால் கடுகடுப்பான தம்பதியரின் இரத்தத்திலோ மறுநாள் காலையில் இன்டர்லூக்கின்-6 மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏறியிருந்தது. தேவைப்படும் இடத்தில் அழற்சி குறைந்து, தேவையில்லாத இடத்தில் கூடிய இந்த நிலை நீண்ட காலம் தொடர்ந்தால், அது இதய நோய்க்கும் சர்க்கரை நோய்க்கும் வழிவகுக்கும் என்பதால், விஷயம் தோலோடு நின்றுவிடுவதில்லை.

ஆதரவு இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. சைபீரிய ஹாம்ஸ்டர் என்னும் சிறு கொறிவிலங்குகளைக் கொண்டு 2004-ல் நடந்த ஆய்வில், தனித்து அடைக்கப்பட்டவற்றுக்கு மன அழுத்தம் தரப்பட்டபோது கார்டிசால் ஏறிப் புண் ஆறத் தாமதமானது. துணையோடு இருந்தவற்றுக்கு அப்படி ஆகவில்லை. தனித்திருந்தவற்றுக்கு ஆக்சிடோசின் கொடுத்ததும் புண் விரைந்து ஆறியது. பிரசவத்திலும் தாய்ப்பால் சுரப்பிலும் பங்குள்ள அதே ஹார்மோன்தான், பரிவான தொடுதலின்போதும் சுரந்து, கார்டிசாலைத் தணிக்கிறது.

நம் கரையோரத்தில் நான் அதிகம் கவலைப்படுவது, கடலுக்கும் போய், வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரையோ தகப்பனையோ பார்த்துக்கொள்ளும் பெண்களைப் பற்றித்தான். 1995-ல் கீகோல்ட்-கிளேசர் குழுவினர், மறதிநோய் கண்ட உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்களுக்கும், அந்தப் பொறுப்பு இல்லாத, வயதொத்த 13 பெண்களுக்கும் 3.5 மில்லிமீட்டர் அளவுள்ள காயத்தை ஏற்படுத்திக் கவனித்தார்கள். பொறுப்பில்லாதவர்களுக்குச் சராசரியாக 39.3 நாளில் ஆறிய காயம், பராமரிப்பவர்களுக்கு ஆற 48.7 நாள் ஆயிற்று. அன்பு செலுத்துவோரின் உடலே தேய்வதை இந்த எண்கள் காட்டுகின்றன. பிறருக்கு உதவுவது உடலுக்கு நல்லது என்பதற்கும் சான்று உண்டு. டெட்ராய்ட் பகுதியைச் சேர்ந்த 846 பேரைப் பின்தொடர்ந்த 2013-ஆம் ஆண்டு ஆய்வில், பிறருக்குக் கைகொடுத்து வந்தவர்களிடம் வாழ்க்கை நெருக்கடிகள் மரண அபாயத்தை உயர்த்தவில்லை. ஆனால் மாற்றிவிட ஆளில்லாமல், இரவும் பகலும் ஒருவரே சுமக்கும் பணிவிடையை இதோடு ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

இந்த ஆய்வுகளில் பல சிறியவை என்பதையும் சொல்ல வேண்டும். நல்லெண்ணம் எல்லா நோயையும் வெல்லும் என்று சொல்லவும் இவை இடம் தரவில்லை. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் கண்ட 1,093 பேரை ஆராய்ந்த உளவியலாளர் ஜேம்ஸ் கோயின் குழுவினர், மனநிறைவுக்கும் உயிர்பிழைக்கும் காலத்துக்கும் தொடர்பு தென்படவில்லை என்று 2007-ல் அறிவித்தார்கள். ஆகவே நோயாளியிடம் "நீ தைரியமாக இருந்திருந்தால் குணமாகியிருக்கும்" என்று சொல்வது அறிவியலும் அன்று, அன்பும் அன்று.

கல் கிழித்த காலுக்கு முதலில் வேண்டியவை நல்ல தண்ணீரில் கழுவுதல், ரணஜன்னியைத் தடுக்கும் டிடி ஊசி, சர்க்கரைப் பரிசோதனை ஆகியவை. அதற்கு மேல், வெள்ளணுக்கள் வந்து சேரும் முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் கார்டிசாலின் குறுக்கீடு புண்ணை அதிகம் பாதிக்கிறது என்பதால், அந்த நாட்களில் தண்ணீர்க் குடத்தை வேறொருவர் தூக்குவதும், "பாசிக்குப் போகாமல் படுத்துக் கிடக்கிறாயே" என்ற பேச்சு காதில் விழாமல் இருப்பதும் சிகிச்சையின் பகுதியாகவே கொள்ளத் தக்கவை.