குடுமிக்கு அடியில் இருப்பது மூளை

இந்த மாதத்தில் இது நான்காவது. அட்டைப்பெட்டியைத் திறந்தால், கறுப்பு உடம்பும் வெள்ளைக் குடுமியுமாக ஒரு பெட்டைக் கோழி, போலிஷ் என்ற குடுமி இனம். கழுத்து முறுக்கிக்கொண்டு, தலை கால்களுக்கு நடுவே மடங்கிக் கிடக்கிறது. நிமிர்த்தி நிறுத்தினால் பின்பக்கமாகவே நகர்ந்து விழுகிறது. கொண்டுவந்த தம்பி ஒரு வாரமாகப் பூச்சி மருந்து, வைட்டமின் சொட்டு, யாரோ சொன்ன கஷாயம் எல்லாம் கொடுத்து முடித்திருந்தார். தலையை மட்டும் தொட்டுப் பார்க்கவில்லை.

குடுமியைத் தண்ணீரில் நனைத்து வகிடு எடுத்துப் பார்த்தேன். உச்சியில் மிளகளவு கறுத்த பொருக்கு, சுற்றிலும் இறகு பிடுங்கப்பட்ட வெறும் தோல். கூட இருந்த கோழிகளின் வேலை.

"இவ்வளவு இறகு இருக்கே சார், மெத்தை மாதிரி தாங்காதா?" என்றார்.

தாங்காது. எத்தனை பேருக்குத்தான் சொல்வது! சாதாரணக் கோழிக்கு மண்டையோடு தட்டையாக மூடியிருக்கும். போலிஷுக்கும், பஞ்சு போன்ற இறகுள்ள சில்கி இனக் கோழிகள் பலவற்றுக்கும் உச்சியில் எலும்பு உருண்டையாகப் புடைத்திருக்கும். மூளையின் ஒரு பகுதி அந்தப் புடைப்புக்குள்தான் ஏறி உட்கார்ந்திருக்கிறது. புடைப்பு முழுக்க எலும்பு என்று நினைக்காதீர்கள். ஓட்டை ஓட்டையாக இருக்கும், ஓட்டையை மூடியிருப்பது சவ்வு. டார்வின் 1868-லேயே எழுதிவைத்த சங்கதி இது. கைக்குழந்தையின் உச்சிக்குழி தெரியும்தானே? குழந்தைக்கு அது மூடிவிடும், இந்தக் கோழிகளில் சிலவற்றுக்குக் கடைசிவரை மூடுவதே இல்லை. இறகு எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் அலகு உள்ளே போய்விடும். போதாததற்கு, ஆடி அசையும் வெள்ளைப் பந்தைப் பார்த்தால் மற்ற கோழிகளுக்கு அலகு சும்மா இருக்காது.

கழுத்து திருகினாலே அடிதான் என்றும் முடிவுகட்டாதீர்கள். வெள்ளைக்கழிச்சலிலும் திருகும். ஒரே சமயத்தில் பல கோழிகள் சோர்ந்து, பச்சையாகக் கழிந்து, மூச்சுக்குத் திணறினால் வகிடு எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். பிரித்து வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? குடுமிக் கோழியைச் சண்டைக்கார இனங்களோடு ஒரே கூண்டில் விடாதீர்கள். கண்ணை மறைக்கும் இறகைக் கத்தரியுங்கள், அடுத்த இறகு உதிர்வில் திரும்ப முளைக்கும். அடித்தண்டில் ரத்தம் ஓடும் இளம் இறகை மட்டும் தொடாதீர்கள். அகலத் தட்டில் தண்ணீர் வைத்தால் குடுமி நனைந்து, அழுக்குப் பிடித்து, கண்ணில் சீழ் கட்டும், அலகால் தட்டினால் சொட்டும் நிப்பிள் குழாய் போதும். வாரம் ஒருமுறை குடுமிக்குள் பேன் பாருங்கள்.

அடிபட்டுவிட்டதா? தனியாக, அமைதியான அரையிருட்டில் வையுங்கள். தலை முறுக்கியிருக்கும்போது வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். தயவுசெய்து ஒரு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே கொண்டுவாருங்கள்.

அப்புறம், இனவிருத்தி செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குஞ்சு பொரித்த அன்றே தலையில் குமிழ் தெரியும். பெரிய குமிழாகப் பார்த்துப் பார்த்து ஜோடி சேர்க்கிறீர்கள், அதற்கு விலையும் அதிகம் வைக்கிறீர்கள். அந்தக் குஞ்சுகள்தான் என் மேசைக்கு வருகின்றன.

அந்தப் பெட்டை மூன்று வாரத்தில் எழுந்து நின்றது. இரை பொறுக்கும்போது தலை இன்னும் இடப்பக்கம் சாய்கிறது. போன வாரம் தம்பி போனில் சந்தோஷமாகச் சொன்னார். அதே கூண்டிலா விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "கொஞ்சம் இருங்க சார்" என்று கூண்டைத் திறக்க ஓடினார்.