கடையில் விழுந்து அடிபட்டால் இஎஸ்ஐ பணம் வாங்குவது எப்படி?

துடைத்த ஈரம் காயாத டைல்ஸ், பண்டலைப் பிரித்ததும் தரையில் கிடக்கும் பிளாஸ்டிக் பட்டை, மேல் ரேக்கில் சரக்கு எடுக்க ஏணிக்குப் பதில் ஸ்டூல். துணிக்கடையிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் ஊழியர்கள் விழுவது பெரும்பாலும் இவற்றால்தான். கையூன்றி விழுந்து மணிக்கட்டு முறிந்தால் மாவுக்கட்டோடு வாரக்கணக்கில் வீட்டில் இருக்க வேண்டும். அந்த நாட்களுக்கு சராசரி தினச் சம்பளத்தில் 90 சதவீதம் இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) தர வேண்டும். தினச் சம்பளம் 500 என்றால் நாளுக்கு 450 ரூபாய்.

இதைப் பெற, கடையில் 10 பேராவது வேலை செய்ய வேண்டும்; உங்கள் மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. காய்ச்சலில் படுத்தால் பணம் வாங்க 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலையில் பட்ட அடிக்கு அந்தக் கணக்கே கிடையாது. சேர்ந்த முதல் நாளே விழுந்தாலும் உரிமை உண்டு. விழுந்த நாளை விட்டுவிட்டு 3 நாளாவது வேலைக்குப் போக முடியாமல் இருந்தால் போதும்.

பணம் கைநழுவுவது பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்தில்தான். "வீட்டுப் படியில வழுக்கிட்டேன்னு சொல்லு, செலவை நாங்க பாத்துக்கிறோம்" என்று சூப்பர்வைசர் சொல்வார். ஆஸ்பத்திரிச் சீட்டில் அப்படி எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது மிகக் கடினம். எங்கே, எத்தனை மணிக்கு, எதில் கால் இடறியது என்று டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள். அவர் எழுதியதை அங்கேயே படித்துப் பாருங்கள். கூட இருந்தவர் பெயரைக் குறித்து வையுங்கள். கேமரா இருந்தால் பதிவை அழிக்காமல் வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

கடைக்காரர் விபத்துப் பதிவேட்டில் எழுதி, 24 மணி நேரத்துக்குள் விபத்து அறிக்கையான படிவம் 12-ஐ இஎஸ்ஐக்கு அனுப்ப வேண்டும். அவர் அனுப்பாவிட்டால் உங்கள் ஐபி எண் (இஎஸ்ஐ காப்பீட்டு எண்), ஆஸ்பத்திரிச் சீட்டோடு இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் நீங்களே எழுதிக் கொடுங்கள். சம்பளத்தில் பிடித்த சந்தாவை அவர் கட்டாமல் விட்டிருந்தாலும் உங்கள் உரிமை போகாது; இஎஸ்ஐ அதை அவரிடம் வசூலித்துக்கொள்ளும். இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் தரும் விடுப்புச் சான்றிதழை இடைவெளி விடாமல் வாங்குங்கள். நடுவில் விட்டுப்போன நாட்களுக்குப் பணம் வராது.

கை பழையபடி மடங்கவில்லை என்றால் மருத்துவ வாரியத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் நிர்ணயிக்கும் இழப்பு சதவீதத்துக்கு ஏற்ப ஆயுள் முழுக்க உதவித்தொகை உண்டு.